ரெட்டோவின் முழங்காலும் ஜெயராஜின் வேண்டுதலும்

“என் காற்பந்து வாழ்க்கையில் நான் நன்றி சொல்லவேண்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் வலது கால். மற்றவர் என் இடது கால்.”

இந்தப் பொன்மொழியை உதிர்த்தவர் ரெட்டோ சும்ப்ரூன். நாடு சுவிட்சர்லாந்து, தொழில் காற்பந்து, ஆடும் இடம் நடுக்களம், வயது முப்பத்து மூன்று. உதிர்ந்த இடம் கிள்ளானில் ஒரு கடலுணவுக் கடையின் மாடி. கிள்ளான் கிங்ஃபிஷர்ஸ் கழகம் தன்னுடைய புதிய வெளிநாட்டு ஆட்டக்காரரைப் பத்திரிகையாளர்களுக்கு அறிமுகம் செய்து வைத்த சுபவேளை அது. பத்திரிகையாளர்கள் என்று பன்மையில் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வந்திருந்தவர் தமிழ் நாளிதழ் நிருபர் பக்கிரிசாமி ஒருவரே. மற்ற நாற்காலிகளில் இருந்தவர்கள் கழகத் தலைவரின் குடும்பத்தார். அவர்கள் மீன் எப்போது வரும் என்று சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கிரிசாமி கேட்ட கடைசிக் கேள்விக்கான பதில்தான் அந்தப் பொன்மொழி. “இறுதியாக, இந்த நல்ல நேரத்தில் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல விரும்புகிறீர்கள்?” மலேசியத் தமிழராகப் பிறந்து ஏதாவது ஒன்றைச் சாதித்த எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. எஸ்.பி.எம். தேர்வில் எல்லாவற்றிலும் ஏ வாங்கிய பிள்ளை முதல் கோலப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கிய அம்மா வரை எல்லோரும் இதற்குப் பதில் சொல்லியே வீடு திரும்பியிருக்கிறார்கள். பதிலுக்கும் ஒரு வரிசை உண்டு. பெற்றோர், ஆசிரியர், ஆண்டவன், ஆலயத் தலைவர், கடைசியாகத் தொகுதியின் ஒய்.பி. எனப்படும் மக்கள் பிரதிநிதி. அந்த ஒய்.பி. என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது நாகரிகமும் இல்லை.

இப்படிப்பட்ட கேள்விக்கு ஒரு மனிதன் தன் கால்களைக் காட்டுவான் என்று பக்கிரிசாமி எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. நல்லவேளையாக ரெட்டோ பேசியது பக்கிரிசாமிக்குப் பிடிபடாத சுவிஸ் வாடை ஆங்கிலம். அதைத் தமிழாக்கம் செய்ய அருகில் ஜெயராஜ் இருந்தார்.

“அவரு என்ன சொல்றாருன்னா,” என்றார் ஜெயராஜ், நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “எல்லாம் ஆண்டவன் புண்ணியம், அப்பா அம்மா ஆசீர்வாதம்னு சொல்றாரு.”

“ரெண்டு விரல காட்டுனாரே?”

“அப்பா ஒன்னு, அம்மா ஒன்னு. எழுதிக்குங்கண்ணே.”

மறுநாள் நாளிதழில் அப்படியே வந்தது. ஆகவே அந்தப் பொன்மொழிக்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி ஜெயராஜ்தான்.

நன்றி விஷயத்தில் ஜெயராஜை யாரும் ஏமாற்ற முடியாது. அது அவருடைய தொழில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர் அவர். பிறந்தநாள், பூப்பெய்தல், அறுபதாம் கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லா பேனரிலும் கடைசி வரி ஒன்றே: அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. அந்த வரியைக் கம்ப்யூட்டரில் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறார். மாலையானால் அவர் கிங்ஃபிஷர்ஸ் கழகத்தின் டீம் மேனேஜர். பெயர் அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. கடமைகள் என்னவென்றால், வேன் ஓட்டுவது, ஜெர்சிகளை லாண்டரிக்குக் கொண்டுபோவது, ஐஸ்கட்டி வாங்குவது, கோட்டுக்கு வெளியே நின்று நடுவரின் பார்வைக் கோளாறைப் பற்றிச் சட்டத்துக்கு உட்பட்டு உரக்கக் கருத்துரைப்பது.

வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு வீடு தேடும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. தன்னுடைய ஆறாவது மாடி வீட்டுக்கு எதிர்வீடு, மைத்துனருடையது, காலியாகக் கிடந்தது. தினமும் கிள்ளானுக்குத் தன் வேன் போகத்தான் போகிறது. விஷயம் முடிந்தது. வருகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று மனைவி குமுதா கேட்டபோது, ஜெயராஜ் போனை எடுத்து மாப்பிள்ளை ஜாதகம் வாசிப்பதுபோல் வாசித்தார். பெர்ன் மாநிலத்தில் மலைக்கு மேலே ஒரு குக்கிராமம். அப்பா கேபிள் கார் மெக்கானிக். இருபது வயதில் இரண்டாம் பிரிவுக் கழகம். ஒரே ஒரு பருவம் முதல் பிரிவில் ஆடினார். அந்தப் பருவத்திலேயே அந்தக் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. தேசிய இளையோர் அணிக்கு ஒருமுறை அழைக்கப்பட்டு, ஆட்டம் முழுக்க பெஞ்சில் சிறப்பாக அமர்ந்திருந்தார். பிறகு ஆஸ்திரியா, பிறகு சைப்ரஸ், இப்போது கிள்ளான்.

“எத்தன கோலு போட்டிருக்காரு?”

“ஒம்பது.”

“ஒரு வருஷத்துலயா?”

“மொத்தமா.”

குமுதா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். “இத்தன வருஷத்துல ஒம்பதா? அப்பறம் என்னதான் செஞ்சாராம்?”

“அவரு டிஃபென்சிவ் மிட்பீல்டர் குமுதா. கோல் போடறது அவரு வேல இல்ல. எதிராளிகிட்டேருந்து பந்தப் புடுங்கணும், நம்மாளுகிட்ட குடுக்கணும். முன்னாடியும் ஓடணும், பின்னாடியும் ஓடணும். அவரு இல்லன்னாத்தான் அவரு இருந்ததே தெரியும்.”

“இந்த வீட்ல நான் செய்யற வேலன்னு சொல்லுங்க,” என்று குமுதா மறுபடியும் கத்தரிக்காயை எடுத்தாள். அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு அந்த மனிதனைப் பிடித்துப்போயிற்று.

ரெட்டோ நல்ல குடித்தனக்காரர். சத்தம் இல்லை. குப்பையை நேரத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவார். ஆனால் யாராவது உதவிக்கு வந்தால் அவருடைய முகம் சுண்டிவிடும். கேஸ் சிலிண்டர் தோம்பை தானே தோளில் ஏற்றிக்கொண்டு வருவார். பயிற்சி முடிந்து வேனில் ஏறும்போது ஜெயராஜ் பையை வாங்கக் கை நீட்டினால், பையை மார்போடு அணைத்துக்கொள்வார். தன் பையை வழிப்பறிக்காரனிடமிருந்து காப்பாற்றும் மூதாட்டிபோல் இருக்கும் அது. கேட்டால் அந்தக் கிராமத்துக் கதை வரும். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஜெயராஜ் அதைப் பலமுறை கேட்டிருக்கிறார். சின்ன வயதில் ரெட்டோ பயிற்சிக்குப் போகவேண்டுமானால் மலையிறங்கி டவுனுக்குப் போகவேண்டும். ஓடியே போவாராம். மழையிலும் ஓடினார். பனியிலும் ஓடினார். யாரும் கை கொடுக்கவில்லை. “மை லெக்ஸ், பாஸ். ஒன்லி மை லெக்ஸ்.”

குமுதா முதல் வாரம் ஒரு தூக்கில் ரசம் கொடுத்தனுப்பினாள். மறுநாள் தூக்கு திரும்பி வந்தது. பளபளவென்று தேய்த்துக் கழுவப்பட்டு, உள்ளே ஒன்றுமில்லாமல்.

“பாத்திரம் சுத்தமா இருக்கு,” என்று குமுதா தீர்ப்பு எழுதினாள். “வெறும் பாத்திரத்த திருப்பித் தரக்கூடாதுன்னு அவங்கம்மா சொல்லித் தரல. பாவம்.”

அந்த நவம்பரில், மழை விட்டும் விடாமலும் தூறிய ஒரு மாலை ஆட்டத்தில், ரெட்டோ எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கத் திரும்பினார். உடம்பு திரும்பியது. இடது பாதம் மட்டும் சேற்றில் நட்ட கம்பம்போல் நின்றுவிட்டது. முழங்காலில் எழுந்த சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற ஜெயராஜுக்கே கேட்டது. நடுவரைத் திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் நிதானமானவர். “நடக்கலாம். ஓடலாம். மறுபடியும் போட்டியில ஆடறது... பாக்கலாம்,” என்றார். அந்த ‘பாக்கலாம்’ என்ற சொல்லில் எவ்வளவு ‘முடியாது’ இருக்கிறது என்று தமிழர்களுக்குத் தெரியும். ரெட்டோவுக்கும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று லிஃப்ட் ரோசாக், அதாவது பழுது. அது மாதம் ஒருமுறையாவது தன் கடமையைத் துறந்து ஓய்வெடுக்கும் லிஃப்ட். ரெட்டோ ஊன்றுகோலை அக்குளில் வைத்துக்கொண்டு, தானே ஏறிவிடுவதாக அறிவித்தார். முதல் மாடிவரை ஏறினார். அங்கே படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

ஜெயராஜ் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். மீன்கடை அய்யாவு, மோட்டார் ஒர்க்‌ஷாப் கிஷன், ஐந்தாவது மாடி மிஸ்டர் லிம், நான்காவது ஆளாக ஜெயராஜ். கல்யாண மண்டபத்துச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. சுவிட்சர்லாந்தின் முன்னாள் இளையோர் தேசிய ஆட்டக்காரர் அதில் ஏற்றப்பட்டார். உற்சவ மூர்த்தியைப்போல் மாடி மாடியாகப் புறப்பாடு நடந்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து ஆட்கள் வெளியே வந்து தரிசித்தார்கள்.

“மெதுவா லா, மெதுவா! அண்ணே, உங்க பக்கம் சாயுது!”

“வெள்ளக்காரன் வெயிட்டு போடாம இருக்கான்னு நெனச்சேன், பொய்டா.”

“ஐயோ, மை பேக்,” என்றார் மிஸ்டர் லிம். அவர் சொன்னது முதுகை.

ரெட்டோ கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். ஆறாவது மாடியில் இறக்கியதும் கண்ணைத் திறந்து, “நானே மெல்ல வந்திருப்பேன்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நால்வரும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை அவர் ஜெயராஜிடம் கேட்டது ஒரு பெரிய சூட்கேஸ். எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

அன்று ஜெயராஜ் பத்துமலைக்கு ஒரு பேனர் கொண்டுபோக வேண்டியிருந்தது. பேனரை இறக்கினார். வேனில் ஏறி இன்ஜினைப் போட்டார். அப்புறம் என்ன தோன்றியதோ, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கி, பிரம்மாண்டமான முருகன் சிலையை அண்ணாந்து பார்த்துக் கைகூப்பினார். “முருகா, அந்தப் புள்ள காலு நல்லாயி மறுபடியும் ஆடணும். ஆடுனான்னா அவன் உனக்குப் பால்குடம் எடுப்பான்.”

இதில் பிசகு ஒன்றும் இல்லை என்றே அவர் நினைத்தார். மலேசியத் தமிழர்களுக்கு வாய்த்த அரிய வசதி இது. வேண்டிக்கொள்பவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர். ஜெயராஜின் அம்மா அவருக்கு அம்மை போட்டபோது வேண்டிக்கொண்டாள், சுமந்தது ஜெயராஜ். எஸ்.பி.எம்.முக்கு வேண்டிக்கொண்டாள், சுமந்தது ஜெயராஜ். கப்சாய் மோட்டார் சைக்கிளிலிருந்து அவர் விழுந்தபோது அவர் பேரில் ஒரு காவடியே எழுதிவிட்டாள். எல்லாமே தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்புதான் அவருக்குத் தெரியவரும். ஆனால் ஒரு சுவிஸ்காரர், தேவாலயத்துக்கே கிறிஸ்துமஸ் அன்று மட்டும் போகிறவர், நன்றி என்றால் காலைக் காட்டுகிறவர், அவர் தலையில் பால்குடத்தை ஏற்றிவிட்டோமே என்பது வேன் செந்தூலைத் தாண்டும்போதுதான் ஜெயராஜுக்கு உறைத்தது.

சூட்கேஸ் வாங்கப்படவில்லை. ஒப்பந்தம் முடியும்வரை பொறுப்பதாகக் கழகம் சொன்னது. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையம் ஒன்றில் விஜயன் என்பவர் வேலை பார்த்தார். வாரத்துக்கு மூன்று நாள் ரெட்டோவின் தொடையையும் கெண்டைக்காலையும் பதப்படுத்தியவர் அவர்தான். முழங்காலை மட்டும் டாக்டர் சொன்ன எல்லைக்கு அப்பால் தொடமாட்டார். “வலிக்குதா பாஸ்?” என்று கேட்பார். “நோ,” என்பார் ரெட்டோ. “பொய் சொல்றீங்க, வெரலு கேக்குது,” என்பார் விஜயன். பங்சாரில் ஒரு நீச்சல் குளத்தில் நடைப் பயிற்சி. காலையில் அங்கே கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் ஜெயராஜ். ஆட்டுக்கால் சூப் குமுதா. சூப் போன தூக்கு வழக்கம்போல் சுத்தமாக, காலியாகத் திரும்பி வந்தது.

ஆகஸ்டில் புதிய பருவம் தொடங்கியபோது ரெட்டோ களத்தில் இறங்கினார். கடைசி இருபது நிமிடம்தான். முதல் பந்தையே எதிராளியின் காலிலிருந்து சுத்தமாகப் பிடுங்கி, பக்கத்திலிருந்தவனுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தன் இடத்துக்குத் திரும்பி ஓடினார். திடலில் யாரும் கைதட்டவில்லை. கைதட்டும்படி அதில் என்ன இருக்கிறது. கோட்டுக்கு வெளியே ஜெயராஜ் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விசாரித்தவர்களிடம் வியர்வை என்று சொன்னார்.

ஆட்டம் முடிந்ததும் பக்கிரிசாமி வந்தார். கடைசிக் கேள்வியும் வந்தது. ரெட்டோ இரண்டு விரலைத் தூக்கினார். “ரைட் லெக். லெஃப்ட் லெக். லெஃப்ட், எ லிட்டில் லேட்.”

“ஆண்டவன் புண்ணியம்,” என்று ஜெயராஜ் மொழிபெயர்த்தார். “கொஞ்சம் லேட்டாச்சு, அவ்வளவுதான்.”

அன்று இரவுச் சாப்பாட்டில் குமுதா கேட்டாள். “வேண்டுதல் ஞாபகம் இருக்கா?”

“தைப்பூசம் வரட்டும்.”

“அவருகிட்ட சொல்லிட்டீங்களா?”

“தைப்பூசம் வரட்டும் குமுதா.”

தைப்பூசம் அதன் போக்கில் நெருங்கிக்கொண்டிருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஓர் ஆட்டத்துக்குப் பிறகு ரெட்டோ லேசாக நொண்டினார். புது பூட்ஸ் கடித்த கொப்புளம் என்றார். ஜெயராஜுக்கு அது முருகன் அனுப்பிய முதல் நினைவூட்டல் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை. தண்ணீர் பில்லுக்கே சிவப்பு நோட்டீசுக்கு முன்னால் ஒன்று வெள்ளையில் வரும். நேரே கோயிலுக்குப் போய் அர்ச்சகரைக் கேட்டார்.

“யாரு பேருல வேண்டிக்கிட்டீங்க?”

“அவரு பேருல சாமி.”

“அப்ப அவருதான் எடுக்கணும்.”

“அவருக்குத் தெரியாது சாமி.”

அர்ச்சகர் அவரை ஒரு பார்வை பார்த்தார். “முருகனுக்குத் தெரியுமே.”

சொல்லிவிடுவது என்று ஜெயராஜ் முடிவெடுத்தார். வேனில், சுபாங் தாண்டி நெரிசலில் நிற்கும்போது, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தம்பி, முருகன் தெரியுமா ஒனக்கு?”

இந்த ஒன்றரை வருடத்தில் ரெட்டோ பிரிக்பீல்ட்ஸ் தமிழில் ஓரளவு தேறியிருந்தார். “தெரியும். முருகன் ரொட்டி கடை. எக்ஸ்ட்ரா சம்பால் குடுப்பாரு.”

“அவரு இல்ல, வேற முருகன்.”

“ரெண்டு முருகன் இருக்கா?”

பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தான். பேச்சு அங்கேயே அறுந்தது. இன்னொரு நாள் வாழை இலைக் கடையில் ஆரம்பித்தார். அன்றைக்கென்று ரெட்டோ பக்கத்து மேசைக்காரரிடம் தன் முழங்காலைத் தட்டிக்காட்டி, “டாக்டர் கட் பண்ணாரு, அவ்ளோதான். மீதி எல்லாம் நானே,” என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஜெயராஜ் மோர் மிளகாயைக் கடித்து வாயை மூடிக்கொண்டார். இந்த மனிதனிடம் போய், உன் கால் நன்றானதற்கு நீ ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறாய், பால் சுமக்க வா என்றால், நாளைக்கே அந்தச் சூட்கேஸை வாங்கிவிடுவான். சொல்லாமல் விட்டாலோ அந்தக் கால் என்ன ஆகுமோ.

கடைசியில் ஜெயராஜ் ஒரு நிர்வாக முடிவெடுத்தார். தானே எடுத்துவிடுவது.

“அர்ச்சகர் என்ன சொன்னாரு?” என்றாள் குமுதா.

“சொன்னாரு. முருகன் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாரு லா. ஆட்டத்துல சப்ஸ்டிட்யூட் கெடையாதா? மேனேஜர் நான்தானே, நான் மாத்தறேன்.”

“உங்களுக்குப் பிரஷர் இருக்கு. லிஃப்ட் ரோசாக்குன்னா மூணாவது மாடியில உக்காந்துடறீங்க. நீங்க மலையேறப் போறீங்க?”

“முருகன் பாத்துக்குவாரு.”

“முருகனுக்கு இதான் வேலயா?” என்றாள் குமுதா. அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் வாதாடாமல் விட்ட விஷயங்கள் எல்லாமே அவள் நினைத்தபடிதான் முடிந்திருக்கின்றன. அது ஜெயராஜுக்கு நினைவு வந்திருக்கவேண்டும். வரவில்லை.

ஜெயராஜ் ஒரு மண்டலம் விரதம் தொடங்கினார். கறி மீன் இல்லை. தரையில் படுக்கை. இந்த நாட்களில் எதிர்வீட்டில் நடந்தவற்றை அவர் கவனிக்கத்தான் செய்தார். கவனித்துத் தப்பாகப் புரிந்துகொண்டார். ரெட்டோ கோழி வறுவலை வேண்டாம் என்றார். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று ஜெயராஜ் நினைத்தார். ரெட்டோ மெத்தையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுப் பாயில் படுத்தார். முதுகுக்கு நல்லது என்று விஜயன் சொல்லியிருப்பார் என்று நினைத்தார். ஒருநாள் சாம்பார் போன தூக்கு திரும்பி வந்தபோது அதற்குள் நான்கு மஞ்சள் வாழைப்பழங்கள் இருந்தன.

“மறந்து உள்ள வெச்சிட்டான் போல,” என்றார் ஜெயராஜ். “திருப்பிக் குடுத்துடு.”

குமுதா பழங்களை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

தைப்பூசத்தன்று கழகத்துக்கு ஆட்டம் இருந்ததால், அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு புதன்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டமும் அவ்வளவாக இருக்காது. ரெட்டோவிடம், பேனர் டெலிவரி இருப்பதால் அன்று பயிற்சிக்கு ரயிலில் போகும்படி ஜெயராஜ் சொல்லியிருந்தார். குமுதா குடத்தைப் பையில் வைத்துக்கொண்டாள். பத்துமலையில் ஆற்றோரம் குளித்து முடித்து, மஞ்சள் வேட்டியில் ஈரத்தலையோடு ஜெயராஜ் திரும்பினார்.

திரும்பிய இடத்தில் இன்னொரு மஞ்சள் வேட்டி நின்றது. அதற்கு மேலே அவித்த இறால் நிறத்தில் ஒரு நெஞ்சு. வேட்டி அவிழாமல் இருக்க இடுப்பைச் சுற்றி, கணுக்காலுக்குச் சுற்றும் வெள்ளை ஸ்போர்ட்ஸ் டேப் மூன்று சுற்று சுற்றப்பட்டிருந்தது.

ஜெயராஜின் வாயிலிருந்து, “நீ எப்படி இங்க?” என்று வந்தது.

“கொமுட்டர் ரயிலு,” என்றார் ரெட்டோ. “கேஎல் சென்ட்ரல்ல ஏறுனேன்.”

“அதக் கேக்கல தம்பி...” ஜெயராஜ் குமுதாவைப் பார்த்தார். குமுதா பால் பாக்கெட்டின் மூலையை நிதானமாகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாக்கறீங்க? அவரு காலு. அவருகிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்றது? நீங்க வெரதம் ஆரம்பிச்ச அன்னிக்கே சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு பிரஷர், தம்பி, மேல ஏறுனா எறங்க மாட்டாருன்னு சொன்னேன்.”

ஜெயராஜ் ரெட்டோவின் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது. “தம்பி, ஒன்னக் கேக்காம ஒம்பேருல வேண்டிக்கிட்டேன். தப்புதான். சூட்கேஸ் கேட்டியே, பயந்துட்டேன். ஒனக்கு இஷ்டமில்லன்னா வேணாம், நான் எடுக்கறேன். சப்ஸ்டிட்யூட்டு மாதிரி வெச்சுக்க.”

ரெட்டோ குனிந்து தன் இடது முழங்காலைத் தட்டினார். தழும்பு வெயிலில் பளபளத்தது. “பாருங்கண்ணே. கால் ஓகே. கால் ஓகேன்னா சப்ஸ்டிட்யூட் எதுக்கு?”

அதுவரை ‘பாஸ்’ என்றே கூப்பிட்டுவந்தவர். அண்ணே என்று கூப்பிட்டது அன்றுதான்.

குடம் அவர் தலையில் ஏறியது. ஜெயராஜ் மேனேஜர் என்ற முறையில் அர்ச்சனைத் தட்டை மட்டும் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். ரெட்டோ தன் ஆட்டத்தைப் போலவே ஏறினார். அவசரமில்லை, ஆர்ப்பாட்டமில்லை, ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. “வேல் வேல்!” என்று ஜெயராஜ் குரல் கொடுத்தார். பாதி வழியில் அது “வே... வே...” என்று சுருங்கியது. இறங்கி வந்துகொண்டிருந்த ஓர் அம்மா, “பாத்துப் போ தம்பி, கொரங்கு பால புடுங்கும்,” என்று எச்சரித்தார். எதிராளியிடமிருந்து பிடுங்குவதே தொழிலாகக் கொண்டவரிடமிருந்து எந்தக் குரங்கும் எதையும் பிடுங்கிவிட முடியாது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஜெயராஜ் நிற்கும்போதெல்லாம் ரெட்டோவும் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சுச் சத்தம் அருகில் வந்ததும் மறுபடியும் நடந்தார்.

மேலே பால் அபிஷேகமாயிற்று. அர்ச்சனைக்கு வரிசையில் நின்றார்கள். முறை வந்ததும் அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் கேட்டார். “பேரு, நட்சத்திரம்?”

ஜெயராஜ் பழக்கதோஷத்தில் முன்னால் வந்தார். “அவரு என்ன சொல்றாருன்னா சாமி, பேரு ரெட்டோ, நட்சத்திரம் தெரியாது...”

ரெட்டோ அவர் தோளில் கை வைத்தார். “அண்ணே. இன்னிக்கு நான் சொல்றேன்.”

அர்ச்சகரைப் பார்த்துக் கைகூப்பினார். “குமுதா.”

“ரோகிணி சாமி,” என்று பின்னாலிருந்து குமுதா எடுத்துக் கொடுத்தாள்.

“விஜயன். அய்யாவு. கிஷன். லிம்.”

“லிம்மா?”

“லிம். அஞ்சாவது மாடி. முதுகு வலி இருக்கு அவருக்கு.”

நட்சத்திரம் தெரியாதவர்களை அர்ச்சகர் முருகன் பொறுப்பில் விட்டுவிட்டு மேலே போனார். டாக்டர் பெயர் வந்தது. அம்மா பெயர் மார்கிரெட் வந்தது. அதற்குப் பிறகு, “உவேலி,” என்றார் ரெட்டோ.

“யாரு தம்பி அது?” என்று ஜெயராஜ் கிசுகிசுத்தார்.

“எங்க ஊரு பஸ் டிரைவர். பிராக்டிஸ் முடியற வரைக்கும் கடைசி பஸ்ஸ நிறுத்தி வெச்சிருப்பாரு. எனக்கு. டெய்லி.”

“நீ ஓடித்தானே போனேன்னு சொன்ன?”

ரெட்டோவின் காது நுனி சிவந்தது. “எறங்கும்போது ஓடுனேன்,” என்றார். “ஏறுனது பஸ்ல.”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். “அண்ணே, ஊரு பேரெல்லாம் சொல்றாரா?” என்றது ஒரு குரல். “வேலைக்குப் போகணும் பாஸ், சீக்கிரம் லா,” என்றது இன்னொன்று. ரெட்டோ திரும்பி அவர்களிடம் தலை தாழ்த்திவிட்டு, அர்ச்சகர் பக்கம் குனிந்தார்.

“ஜெயராஜ்,” என்றார். யாரும் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் அவரே தொடர்ந்தார். “கேட்டை நட்சத்திரம்.”

பத்துமலைக் குகையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது ஒருவருடைய இரண்டு கன்னங்களிலும் ஒரே சமயத்தில் சொட்டியதாக இதற்கு முன் தகவல் இல்லை. ஜெயராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூரையைக் குற்றம்சாட்டும் பாவனையில் அண்ணாந்து பார்த்தார்.

அர்ச்சகர் பூவை எடுத்துக்கொண்டு சன்னதிப் பக்கம் திரும்பினார். “அவ்வளவுதானே?”

“இல்ல சாமி,” என்றார் ரெட்டோ. “இன்னும் இருக்கு.”